லாஜிக் பார்க்காதே என்பவர்களுக்கு ஒரு உப்புக் கணக்கு

"தமிழ்ப் படத்துக்குப் போறவன் மூளையைக் கழட்டி பைக் ஸ்டாண்டுலயே வெச்சுட்டுப் போயிரணும்."

தியேட்டர் வாசலில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. யாராவது ஒருத்தர் தப்பித்தவறி "அதெப்படிங்க, அந்த ஊசியைப் போட்டதும்..." என்று ஆரம்பித்தால் போதும். கூட வந்த நாலு பேரும் சேர்ந்து அமுக்கிவிடுவார்கள். "படத்தைப் படமா பாருடா. லாஜிக் எல்லாம் பார்க்காதே." அவ்வளவுதான், விவாதம் முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்பவர்கள் திருப்பூர்க்காரர்கள். லாஜிக் பார்த்தே பிழைக்கிற ஊர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வெளிநாட்டு பையர் ஒரு நீலத்தைக் கேட்டால், சாயப்பட்டறையில் முதலில் லேப் டிப் போட வேண்டும். அந்தத் துண்டுத் துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, டி65 விளக்கில் ஒரு தரம், கடை விளக்கில் ஒரு தரம் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் நிறம் மாறினால் ரிஜெக்ட். 180 ஜி.எஸ்.எம். என்று எழுதிவிட்டு 165-ல் துணி வந்தால் வட்டமாக வெட்டித் தராசில் வைத்து மானத்தை வாங்கிவிடுவார்கள். செக்கிங் டேபிளில் நிற்கிற அக்கா, ஒரே ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்குத் தள்ளிவிடுவார். இத்தனை பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது எதை? போட்டுக் கிழித்துப் போடப்போகிற ஒரு பனியனை!

அதே அக்கா ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்துப் படத்துக்குப் போகிறார். திரையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கண்ணாடியைக் கழற்றியபடி எதையோ சொல்கிறார். அதற்கு ஸ்டிக்கர் ஒட்ட மட்டும் யாருக்கும் உரிமை கிடையாதாம்.

சரி, முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். கற்பனைக் கதையே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஈ பழிவாங்கட்டும். வாட்ச்சைத் திருகினால் காலம் பின்னால் போகட்டும். 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை'யில் கால இயந்திரத்தில் ஏறி ஆடுகிற ஆட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அந்தப் படம் தன் விதியை முதலிலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை அந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தது. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டால் அது எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் போய் வாயில் விழட்டும், நியூட்டன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரச்சினை வேறு. "இது கதை இல்லை, அறிவியல். இது கதை இல்லை, உங்கள் வரலாறு. இது கதை இல்லை, உங்களுக்கு எச்சரிக்கை" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டால் "படம்தானே" என்று நழுவுகிறார்களே, அதுதான் பிரச்சினை. விலைச்சீட்டில் நூறு சதவீதம் காட்டன் என்று அச்சடித்துவிட்டு உள்ளே பாலியெஸ்டர் வைத்தால் அதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு.

2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு' ஞாபகம் இருக்கும். போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், சீனாவுக்குப் போய் மருத்துவமும் சண்டைக்கலையும் சொல்லிக்கொடுத்தார், அவரைத் தமிழன் மறந்துவிட்டான் என்று டாக்குமெண்டரி மாதிரியே தொடங்குகிற படம். (அவர் சண்டைக்கலை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு 17-ம் நூற்றாண்டுக்கு முந்தைய நம்பகமான ஆதாரம் இல்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. அது தனி பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.) மரபணு படிக்கிற மாணவி ஒருத்தி, சர்க்கஸில் வேலை பார்க்கிற ஹீரோ போதிதர்மரின் வாரிசு என்று கண்டுபிடித்து, அவருடைய டி.என்.ஏ.வைத் தூண்டிவிடுகிறார். உடனே 1500 வருடத்துக்கு முந்தைய வித்தை அத்தனையும் ஹீரோவுக்கு வந்துவிடுகிறது. தியேட்டரில் விசில் பறந்தது. பெருமையில் கண் கலங்கியவர்களும் உண்டு.

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு மரபியல் தெரிய வேண்டாம். கூட்டு வட்டி தெரிந்தால் போதும். ஒரு தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்தால் 1500 வருடத்துக்கு 60 தலைமுறை. அப்பா அம்மா 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அதற்கு மேலே 8 பேர்... இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் 60-வது தலைமுறையில் முன்னோர் இடங்கள் எத்தனை? 2 அடுக்கு 60. அதாவது சுமார் 11,500 கோடி கோடி! அத்தனை மனிதர்கள் இந்த பூமியில் எந்தக் காலத்திலும் பிறந்தது கிடையாது. அப்படியானால் ஒரே முன்னோர்தான் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார் என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆள் ஒருவருக்கு வம்சம் தழைத்திருந்தால், இன்று அந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் அவர் வாரிசுதான். ஹீரோ மட்டுமில்லை, ஹீரோவுக்கு விசில் அடித்த முன்வரிசைக்காரரும் வாரிசுதான்.

சரி, பங்கு எவ்வளவு வரும்? மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்தால், ஒரு வழியில் வருகிற பங்கு ஒரு எழுத்தில் 38 கோடியில் ஒரு பாகம். எழுத்தை அப்படிப் பொடிப்பொடியாக உடைக்க முடியாது, டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் கைமாறும். அதனால் அத்தனை தூரத்து முன்னோரில் பெரும்பாலானவர்களிடமிருந்து வாரிசுக்கு வருவது சுத்தமான பூஜ்யம்.

"அப்பா வழியில் ஒய் குரோமோசோம் அப்படியே வருமே" என்று பயாலஜி படித்தவர் யாராவது கை தூக்கலாம். வரும்தான். வம்சத்தைத் தேட அது உதவும். ஆனால் அதில் குங்ஃபூ எழுதியிருக்காது. கற்றுக்கொண்ட வித்தை எந்தக் குரோமோசோமிலும் பதிவாவதில்லை. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களான பிறகும் உடலில் சில மாற்றங்கள் தெரிந்தன என்று ஆராய்ச்சிகள் இருக்கின்றன. பட்டினி உடம்பில் தடம் பதிக்கலாம். தாத்தாவுக்குத் தெரிந்த சமையல் பதியாது.

இது வெறும் பயாலஜி தப்பு என்றால் மன்னித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் "திறமை ரத்தத்தில் வருகிறது" என்கிற வசனத்தை இந்த நாட்டில் இதற்கு முன்னால் யார் யார் சொன்னார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்னார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் படிப்பு வரும், இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு மாடு மேய்க்கத்தான் வரும் என்று ஆயிரம் வருடமாகச் சொன்னவர்கள் சொன்னது இதையேதான். அவர்களுக்கு டி.என்.ஏ. என்ற வார்த்தை தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம். இந்தத் திருப்பூருக்குத் தேனியிலிருந்து வந்தார்கள், மதுரையிலிருந்து வந்தார்கள், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அவர்களுடைய பாட்டனார் யாரும் ஓவர்லாக் மெஷினைக் கண்ணால் கூடப் பார்த்தது கிடையாது. வந்தவர் முதலில் கைமடிக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் தைத்துப் பழகுகிறார். கொஞ்ச மாதத்தில் டெய்லர். ரத்தத்தில் வித்தை வரும் என்றால் இந்த ஊரே உருவாகியிருக்காது. அந்த ஊரில் அந்தப் படத்துக்குக் கட் அவுட் வைத்துப் பாலூற்றியாயிற்று.

கூத்து அத்தோடு முடியவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது அதே படத்தின் காட்சிகளை வெட்டி, "அன்றே சொன்னார்கள் பார்த்தீர்களா" என்று வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். படமாகப் பார் என்றவர்கள், அப்போது அதைத் தீர்க்கதரிசனமாகப் பார்த்தார்கள்!

டி.வி. சீரியல் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மானிட்டரில் கோடு நேராகப் போனதும் டாக்டர் இரண்டு கையிலும் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்து அழுத்துவார், நோயாளி ஒரு அடி எகிறுவார், எழுந்துவிடுவார். உண்மையில் கோடு நேராகிவிட்டால் மின்அதிர்ச்சி வேலைக்கு ஆகாது. அது தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குபடுத்தத்தான். கோடு நேரானால் நெஞ்சை விடாமல் அமுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். வருடக்கணக்காக ஒரே கதையை ஓட்டுகிறவர்கள் இதைச் சரியாகக் காட்டியிருந்தால், இத்தனை நாளில் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நெஞ்சை எப்படி அமுக்குவது என்றாவது தெரிந்திருக்கும். தலையில் அடிபட்டால் ஞாபகம் போய், இன்னொரு தரம் அடிபட்டால் திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வைத்தியத்தை அந்த டைரக்டருக்கு யாராவது செய்து பார்க்கலாம் :-)

அடுத்தது '2.0'. 2018 நவம்பரில் வந்தது. 500 கோடிக்கு மேல் செலவானதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கு இஸ்ரோ அனுப்பிய மங்கள்யானுக்கு 450 கோடிதான் ஆனது என்பதை இந்த இடத்தில் சும்மா ஒரு தகவலுக்காக வைத்துக்கொள்ளலாம். படத்தின் கதை, செல்போன் டவர் கதிர்வீச்சால் பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுகின்றன என்பது. பட்சிராஜன் என்ற பறவையியல் அறிஞர், தோற்றத்தில் சலீம் அலியை ஞாபகப்படுத்துகிறவர், டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். செல்போன் கம்பெனிகளின் சங்கம் ரிலீசுக்கு முன்னால் சென்சார் போர்டில் புகார் கொடுத்தது. அது அபத்தமான வேலை. படத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பேசிச் சொல்ல வேண்டும், கத்தரிக்கோலைத் தேடக் கூடாது. ஆனால் கம்பெனிக்காரன் எதிர்க்கிறான் என்பதாலேயே படம் சொன்னது உண்மையாகிவிடாது.

சிட்டுக்குருவி என்ன ஆனது? 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020-ல் வந்தது. நாடெங்கும் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த கணக்கை வைத்து எழுதியது. மொத்தத்தில் சிட்டுக்குருவி எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. டவர்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. நகரத்தில் ஏன் குறைந்தது? ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்தால் கூடு கட்ட இடுக்கு ஏது? செடி கொடி போனால் குஞ்சுக்குக் கொடுக்கப் புழு ஏது? இதற்குக் காரணம் டவர் முதலாளி அல்ல, வீடு கட்டிய எல்லோரும்தான். எல்லோரையும் வில்லனாகக் காட்டினால் டிக்கெட் யார் வாங்குவார்கள்? அதனால் டவர் வில்லனாகிவிட்டது.

மின்காந்த அலைக்கும் பறவைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அதுவும் அப்படியில்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நகரத்து மின்கருவிகளிலிருந்தும் ஏ.எம். ரேடியோவிலிருந்தும் வருகிற மெல்லிய இரைச்சல், வலசை போகிற ராபின் பறவையின் திசையறியும் திறனைக் குழப்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள். செல்போன் ஓடுவது அதற்கு நூறு மடங்குக்கும் மேலே. உண்மை எப்போதும் இப்படித்தான், கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் சுவாரசியமாக இருக்கும்.

பறவை சாவைப் பற்றிப் படம் எடுத்தே ஆக வேண்டுமா? கழுகு கதை இருக்கிறதே! நாட்டில் கோடிக்கணக்கில் இருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் மளமளவென்று செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் காலி. ஏதோ வைரஸ் என்று நினைத்தார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை. 2004-ல்தான் குட்டு உடைந்தது. மாட்டுக்கு வலி போக்கப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி! அந்த மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிஞ்சிய கழுகுகள் தமிழ்நாட்டில் நம் பக்கத்தில்தான், நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நல்ல எண்ணத்தில் போட்ட ஊசி கொலைகாரனாகிற கதை. இடைவேளை ட்விஸ்ட் கூட ரெடியாக இருக்கிறது. சலீம் அலி பெயரில் ஒரு பறவையியல் ஆராய்ச்சி மையமே கோவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஆனைகட்டியில் இருக்கிறது. அவர் மாதிரி வேஷம் போட்டவர்கள், அவர் பெயரில் உள்ள இடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன்தான் ஆகாதே!

இப்போது உப்புக்கு வரலாம். தலைப்பே அதுதானே.

2008 ஜூன் மாதம் 'தசாவதாரம்' வந்தது. பத்து கமல், கேயாஸ் தியரி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் சேர்ந்த படம். உலகத்தையே அழிக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குப்பிக்குள் இருக்கிறது. அதை முறிக்க ஏராளமான சோடியம் குளோரைடு வேண்டும். அதாவது சமையல் உப்பு. கடைசியில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து, கடல் உப்பில் கிருமி அழிந்து உலகம் பிழைக்கிறது. உழைப்பிலும் துணிச்சலிலும் அந்தப் படத்தைக் குறை சொல்ல ஆளில்லை. கேயாஸ் தியரி என்ற வார்த்தையையே இங்கே பல பேர் முதலில் கேட்டது அந்தப் படத்தில்தான். அந்த நன்றியோடேயே பேசலாம்.

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நீரில் ஒரு மில்லிலிட்டரில், அதாவது கால் ஸ்பூனுக்கும் குறைவில், சுமார் ஒரு கோடி வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ், நம்மை ஒன்றும் செய்யாது. 1980-களின் கடைசியிலேயே எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வைரஸ்கள் குடும்பத்தோடு குடியிருக்கிற இடத்தை வைரஸுக்கு எமன் என்று காட்டிய படம் அது. "அது செயற்கைக் கிருமிங்க, அதுக்கு உப்பு ஆகாது" என்று பதில் சொல்லலாம். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வசதிக்காகத் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன அலைக்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நாகப்பட்டினத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அந்தக் கடைசிக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்? ஒரு வரி கெமிஸ்ட்ரியைச் சரிபார்க்காமல் விட்டால் அது எங்கே போய் நிற்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அந்தப் படம் திருப்பூரிலும் ஓடியது. கூட்டம் அலைமோதியது. உப்பு உலகத்தைக் காப்பாற்றுகிற அந்தக் காட்சி ஓடிய ஊருக்குள்ளேயே, உப்பால் செத்துப்போன ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

நொய்யல் எப்படிச் செத்தது என்று கேட்டால் "சாயத்தண்ணி" என்பார்கள். பாதிதான் சரி. சாயம் கண்ணுக்குத் தெரியும், அதனால் கெட்ட பெயர் சாயத்துக்கு. ஆற்றையும் கிணற்றையும் மண்ணையும் கெடுத்ததில் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. பஞ்சுத் துணியைத் தண்ணீரில் போட்டால் அதன் மேல் எதிர்மின்சுமை ஏறும். ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் துணியில் ஏறாது. அதற்குத்தான் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு நடுவில் நின்று சண்டையைத் தீர்த்துவைத்துச் சாயத்தைத் துணியில் ஏற்றும். வெளிர்நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி மாதிரி ஷேடு என்றால் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று போகும். கடல் தண்ணீரே 35 தான்! ஒரு கறுப்பு டி-ஷர்ட் கடலைவிட உப்பான தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறது. வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியோடு போகாது. அத்தனையும் தண்ணீரிலேயே நின்றுவிடும். தண்ணீர் எங்கே போனது? ஆற்றுக்கு.

முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. உப்பு அப்படியே இருந்தது. நிறம் போனால் சுத்தம் என்று பார்ப்பவர் கண் சொல்லும், வயலுக்கு அது தெரியாதே. பாசனத்துக்கு என்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணை கட்டினால் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கேட்கிற விவசாயியைப் பார்த்திருக்கலாம். அணையில் தண்ணீரே நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சிய விவசாயிகளை இங்கேதான் பார்க்க முடியும். 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேல். ஊர் ஸ்தம்பித்துப்போனது. பிறகு ஒரு சொட்டு கழிவும் வெளியே விடாத முறை வந்தது. சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, உப்பைத் திரும்ப எடுத்து மறுபடியும் சாயத்துக்கே போடுகிறார்கள். அதற்கு ஆகிற கரண்டுக் கணக்கு, சட்டத்துக்கும் செலவுக்கும் நடுவில் பட்டறைக்காரர் படும் பாடு, இன்றும் மழை பெய்தால் இருட்டோடு இருட்டாகத் திறந்துவிடுகிறார்கள் என்று கிளம்புகிற புகார், வேலை போன தொழிலாளி ஒரு பக்கம், நிலம் போன விவசாயி ஒரு பக்கம். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேர் கேட்பதும் நியாயம். இதற்கு மேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

பட்டறைகள் மூடிய அதே 2011-ம் வருடத் தீபாவளிக்குத்தான் 'ஏழாம் அறிவு' வந்தது. வேலையில்லாமல் இருந்தவர்களுக்கு அவர்களுடைய டி.என்.ஏ.வின் பெருமையைச் சொல்லி அனுப்பியது. மேலே பேசிய படங்களில் ஒன்றுக்காவது இந்த உப்புக் கதை கண்ணில் பட்டதா? தெரியவில்லை. இதில் பறக்க ஆளில்லை, அதுதான் குறை.

2017 ஏப்ரலில் வைகை அணையில் அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் விட்டார். நீர் ஆவியாகாமல் தடுக்கவாம். காற்றில் கரை ஒதுங்கியது. இன்றுவரை ஊர் சிரிக்கிறது. அதே செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் கருப்பண்ணன், நொய்யலில் நுரை பொங்குவதற்குக் காரணம் கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் என்ற மாதிரி சொன்னார். அதற்கும் சிரித்தார்கள், மீம் போட்டார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு அமைச்சர்களும் செய்த தப்பு என்ன? பார்க்க நன்றாக இருக்கிற ஒரு காரணத்தை, அளந்து பார்க்காமல் சொன்னார்கள். அதையே ஒரு ஹீரோ பின்னணி இசையோடு சொன்னால் விசில் அடிக்கிறோம். அமைச்சருக்கு லாஜிக் கேட்பவர், அவரைவிட அதிகம் பேர் நம்புகிற ஆளிடம் கேட்க மாட்டேன் என்பது என்ன நியாயமுங்க?

"ஹாலிவுட்டில் மட்டும் என்ன வாழுதாம்?" இது அடுத்த கேள்வி. அங்கேயும் குப்பை மலையாகக் கொட்டிக்கிடக்கிறது. மனிதன் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறான் என்ற பழைய புரளியை வைத்தே 2014-ல் 'லூசி' எடுத்தார்கள். ஆனால் அதே வருடம் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் கருந்துளை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட இயற்பியலாளர் கிப் தோர்ன் உட்கார்ந்தார். அந்தப் படத்துக்கு எழுதிய கம்ப்யூட்டர் வேலையை வைத்தே மறு வருடம் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவ்வளவு தூரம் ஏன், வாளையாறு தாண்டினால் போதும். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்ததை வைத்து 2019-ல் மலையாளத்தில் 'வைரஸ்' எடுத்தார்கள். முதல் நோயாளி யார், அவர் எந்த வராந்தாவில் யார் பக்கத்தில் நின்றார், அவர் மூலமாக யாருக்குப் போனது என்று ஒவ்வொரு தொடர்பாகத் தேடுவதுதான் படமே. அதில் வில்லன் கிடையாது, டூயட் கிடையாது. கையுறை மாட்டுகிற காட்சியில் கூட வயிற்றைப் பிசைகிறது. சரியாகச் சொன்னால் போரடிக்கும் என்பது, சரியாகச் சொல்ல மெனக்கெடாதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கதாநாயகி துணிக்கு ஒருவர், முடிக்கு ஒருவர், குடை பிடிக்க ஒருவர் என்று சம்பளம் கொடுக்கிற யூனிட்டில், ஸ்கிரிப்டைப் படிக்க ஒரு பேராசிரியருக்கு ஆகிற செலவு வவுச்சரில் 'இதர செலவுகள்' என்ற வரியில் அடங்கிவிடும். படத்தில் ஒரு ஆடு வந்தாலே விலங்கு நல வாரியத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஹீரோ பீடி பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. டி.என்.ஏ.வைத் தட்டி எழுப்பும்போது கீழே ஒன்றும் ஓடுவதில்லை. ஓட வேண்டும் என்று சட்டம் போடவும் வேண்டாம். சட்டம் போட்டால் அதற்கும் ஒரு ஆபீசர் வருவார், அவருக்கு நியூட்டனையும் தெரியாது சினிமாவையும் தெரியாது. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பைக் ஸ்டாண்டில் நின்று, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பக்கத்தில் இருப்பவர் அமுக்காமல் இருந்தால் போதும்.

டிஸ்கி: 2 அடுக்கு 60 கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். 2 அடுக்கு 10 என்பது 1024. அதை ஆறு தரம் எழுதிப் பெருக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கோபம் இருந்தால் தாராளமாக ஆட்டோ அனுப்பலாம். வரும்போது ஒரு மூட்டை உப்பும் போட்டு அனுப்பினால் பட்டறைக்காரர் யாருக்காவது உதவும் :-)